உங்களுக்குத் தெரியுமா? தட்டில் ஏறும் ராசிப் பழங்கள்

✦ சீனப் புத்தாண்டு எந்த வருடமும் ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவில்தான் வரும். நம் கணக்கில் தை மாதம், தவறினால் மாசித் தொடக்கம். மதுரைப் பக்கத்து வாடிப்பட்டித் தெருவோரம் பொங்கல் கரும்பின் சோகை காய்ந்து கிடக்கும் அதே நாட்களில், சிங்கப்பூரிலும் பினாங்கிலும் சீனர் வீடுகளில் கமலா ஆரஞ்சு பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். விருந்துக்குப் போகிறவர் இரண்டு பழங்களை இரண்டு கையாலும் நீட்டுவார். விடைபெறும்போது வீட்டுக்காரர் வேறு இரண்டு பழங்களைக் கொடுத்து அனுப்புவார். வெறுங்கையோடு வரவும் கூடாது, வெறுங்கையோடு போகவும் கூடாது. காம்பும் இலையும் ஒட்டியிருக்கிற பழம் என்றால் மதிப்பு இன்னும் கூடுதல். அங்கே குடியிருக்கும் நம் தமிழர்களும் சீன நண்பர் வீட்டுக்குப் புத்தாண்டுக்குப் போகும்போது பழம் இரண்டு எடுத்துக்கொள்ளத் தவறுவதில்லை.

✦ ஏன் ஆரஞ்சு? பொன்னிறம் ஒரு காரணம். பெரிய காரணம் ஒலி. கான்டனீஸ் பேச்சில் இந்தப் பழத்துக்கும் தங்கத்துக்கும் உச்சரிப்பு ஒன்றே. சீனர்கள் ராசிப் பழத்தைப் பெரும்பாலும் காதால் பொறுக்குகிறார்கள். நாம் கண்ணாலும் கையாலும் பொறுக்குகிறோம். எத்தனை கண், விதை உண்டா, மறுபடி முளைக்குமா, காம்பை விட்டு எப்படிக் கழலும் என்று பார்த்துப் பார்த்துத்தான் நம் பாட்டிமார் ஒவ்வொரு பழத்துக்கும் ஓர் அர்த்தம் வைத்திருக்கிறார்கள். விதிவிலக்குகள் இரு பக்கமும் உண்டு; அவற்றில்தான் சுவாரசியமே.

✦ ஒரே பேரிக்காயை அறுத்து இருவர் பங்கிட்டுக்கொள்வது சீனத் தம்பதிகளுக்கு ஆகாது. அந்தப் பழத்தின் பெயர் பிரிவைக் குறிக்கும் சொல்போலவே ஒலிக்கும். நமக்கோ கொடைக்கானல் பேரிக்காய் மலையிறங்கும் பருவமும் விநாயகர் சதுர்த்தியும் ஒட்டி வருகின்றன. பிள்ளையார் முன்னால் அதை வைத்து, பூசை முடிந்ததும் துண்டு போட்டு வீடு முழுக்கப் பங்கிடுகிறோம். யாரும் பிரிந்துபோனதாகத் தகவல் இல்லை.

✦ கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் சீன இளைஞர்கள் ஒருவருக்கொருவர் ஆப்பிள் பரிசளிக்கிறார்கள். வண்ணத்தாள் சுற்றிய ஒற்றை ஆப்பிள் அன்றைக்கு நல்ல விலைக்குப் போகும். பைபிளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த இரவுக்குச் சீனத்தில் 'அமைதி இரவு' என்று பெயர். ஆப்பிளின் பெயரிலும் அமைதியின் முதல் அசை கேட்கும். அவ்வளவுதான் காரணம்.

✦ புது வீட்டுக்கு நாம் பால் காய்ச்சுகிறோம். மலேசியா, சிங்கப்பூர் சீனர்கள் வாசற்படியிலிருந்து உள்ளே ஓர் அன்னாசிப் பழத்தை உருட்டிவிடுகிறார்கள், உரக்க வாழ்த்துச் சொல்லிக்கொண்டே. ஹொக்கியன் பேச்சில் அன்னாசி என்றால் 'வளம் வருகிறது' என்பதுபோலக் கேட்கும்.

ஹொக்கியன்காரர்களின் பூர்வீகம் தெற்குச் சீனத்து ஃபூஜியன் மாகாணம். அங்குள்ள சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் ஒரு சிவன் கோயிலே கட்டியிருந்தார்கள். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இன்றும் இருக்கிறது. அந்தக் கோயிலில் அர்ச்சனைத் தட்டு இருந்திருந்தாலும் அதில் அன்னாசி இருந்திருக்க வழியில்லை. அப்போது அந்தப் பழம் அமெரிக்கக் கண்டத்தை விட்டு வெளியே வந்திருக்கவில்லை. போர்ச்சுக்கீசியர் கப்பலில் பிற்பாடு வந்தது. 'அன்னாசி' என்ற பெயரும் அவர்கள் கொடுத்ததே.

✦ கரும்பு பழமில்லை. ஆனாலும் இந்தக் கதையை விட மனசில்லை. சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு பினாங்கு ஹொக்கியன் வீடுகளில், வாசலில் போட்ட பூசை மேசையின் இரு பக்கமும் தோகையோடு முழுக் கரும்பு கட்டுவார்கள். நள்ளிரவு தாண்டினால் ஒன்பதாம் நாள், வானுலகப் பேரரசரின் பிறந்த நாள். முன்னொரு காலத்தில் எதிரிகள் ஊருக்குள் புகுந்தபோது மக்கள் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார்களாம். வெளியே வந்தது ஒன்பதாம் நாளாம். மேலூர்ப் பக்கத்துச் செங்கரும்பை நாம் பொங்கல் பானைக்கு இருபுறமும் நிறுத்துவதை ஒரு பினாங்குச் சீனர் பார்த்தால், நம்மவர்களும் யாரிடமிருந்தோ ஒளிந்திருந்தார்கள் என்றுதான் நினைப்பார்.

✦ 2020-இலும் 2023-இலும் தைப்பூசமும், சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாளான 'சாப் கோ மே'யும் ஒரே நாளில் வந்தன. இரண்டும் பௌர்ணமியை ஒட்டியவை என்பதால் அவ்வப்போது இப்படிச் சேரும். பினாங்கில் தைப்பூச ரதம் வரும் வழியெல்லாம் தேங்காய் மலைபோல் குவிந்திருக்கும், உடைக்கிறவர்களில் சீனர்களும் ஏராளம். அதே ஊர்க் கடற்கரையில் கல்யாணமாகாத சீனப் பெண்கள் நல்ல கணவன் வேண்டி ஆரஞ்சுப் பழத்தைக் கடலில் எறிவார்கள். சில பெண்கள் பழத்தின் மேல் பேனாவால் தொலைபேசி எண்ணையும் எழுதிவிடுவதுண்டு என்கிறார்கள். வேண்டுதலோடு விலாசமும் கொடுப்பதில் தப்பென்ன?

✦ காதுகுத்தோ, சடங்கோ, மதுரைப் பக்கம் விசேஷம் என்றால் வாடிப்பட்டி மேளம் முன்னே போகும், தாய்மாமன் வீட்டுப் பெண்கள் பின்னே தட்டேந்தி வருவார்கள். தட்டுகளை எண்ணிப் பாருங்கள்: 21, 51, 101. ஒற்றைப்படையில்தான் முடியும். மொய்யில் ஒரு ரூபாய் சேர்த்து எழுதுவதும் இதே சமாசாரம். சரிபாதியாக வகுபட்டால் கணக்கு முடிந்துபோகும். ஒன்று மிஞ்சினால்தான் போக்குவரத்து தொடரும். சீனர்களுக்கோ நல்லது ஜோடியாக வர வேண்டும், இரட்டைப்படைதான் ராசி. அதிலும் 4 மட்டும் ஆகாது. அந்த எண்ணைச் சொன்னால் சாவு என்பதுபோல் ஒலிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், 51 தட்டு சீர் கொண்டுவந்த அதே தாய்மாமனுக்குத் தாம்பூலம் கொடுக்கும்போது நாம் பழத்தை இரண்டாகத்தான் வைக்கிறோம். ஒற்றைப் பழம் வைத்தால் கஞ்சத்தனம் என்று பேர் வரும்.

✦ தாம்பூலத்தில் பழத்துக்கு அடியில் இருக்கிற சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாடிப்பட்டியிலிருந்து கூப்பிடு தூரம். நுனி உடையாத, கிழியாத வெற்றிலைதான் தாம்பூலத்துக்கு, மற்றதெல்லாம் வாய்க்கு.

✦ கல்யாண வாசலில் கட்டும் வாழை, தார் போட்டதாக இருக்க வேண்டும். பூவும் தொங்கினால் உத்தமம். மாவுக்கும் தென்னைக்கும் இல்லாத இந்த இடம் வாழைக்கு ஏன்? ஒரு வாழை ஒரே ஒரு முறைதான் தார் போடும். தாரை வெட்டியதோடு அந்த மரத்தின் வேலை முடிந்தது. ஆனால் அது முடிவதற்குள் அடியில் கன்று வந்துவிடும். வைகைக் கரையோர வாழைத் தோட்டத்துக்குள் போய்க் குனிந்து பாருங்கள். தாய்மரத்தின் தூரை ஒட்டி, இலை விரியாமல் கூராக ஒரு கன்று நிற்கும். அதற்கு ஈட்டிக்கன்று என்று பெயர். பக்கத்திலேயே சின்ன வயதில் அகல இலை விட்டு இன்னொன்று நிற்கும், அது நீர்க்கன்று. பார்வைக்கு நீர்க்கன்றுதான் செழிப்பு. விவசாயி நடவுக்குத் தோண்டி எடுப்பதோ ஈட்டிக்கன்றை. நீர்க்கன்றுக்குத் தாயோடு பிடிப்பு குறைவு, கிழங்கில் சத்து இருக்காது, நல்ல தார் தராது.

தாய் சாயும் முன் வாரிசு நிற்க வேண்டும் என்பதுதான் மணமக்களுக்குச் சொல்லாமல் சொல்லும் வாழ்த்து. மணவறையில் நிற்கும்போது யாரும் இதை விளக்கிச் சொல்வதில்லை. வாழைமரம் கட்டும் கூலியைப் பற்றித்தான் பேச்சு நடக்கும்.

✦ பூவன், ரஸ்தாளி, மலைவாழை எதை வேண்டுமானாலும் குறுக்கே நறுக்குங்கள். நடுவில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெரியும். விதையாக வேண்டியவை, ஆகாமலே நின்றுவிட்டன. இந்த ரகங்களில் குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று. அதனால் விதை பிடிப்பதில்லை. யாரோ தின்று துப்பிய கொட்டையிலிருந்து முளைக்காத பழம், ஆகவே எச்சில் படாத பழம் என்று சாமிக்கு உகந்ததாயிற்று. தேங்காய்க்கும் இதே நியாயம்: முழுசாக ஊன்றினால்தான் தென்னை, தின்ற மிச்சத்திலிருந்து முளைக்காது. பாட்டிமார் சொன்ன காரணங்களில் தாவரவியல் வாத்தியாரும் தலையாட்டக்கூடிய காரணம் இது.

✦ பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் பிரசாதம் ஒன்றுக்குத் தமிழ்நாட்டில் அதுவே முதல் முறை. அதில் சேரும் விருப்பாச்சி மலைவாழையில் ஈரப்பசை குறைவு. தண்ணீர் ஒரு சொட்டும் சேர்ப்பதில்லை. கெடாமல் நிற்பதன் ரகசியம் அதுதான். வாடிப்பட்டிக்கு வடக்கே தெரிகிற சிறுமலையின் வாழைக்கும் தனியாகப் புவிசார் குறியீடு உண்டு. முடிக்கொத்து நோய் வந்து இந்த மலைவாழைகளைப் பெருமளவு அழித்ததால்தான் இன்றைக்குச் சந்தையில் அவற்றுக்கு இவ்வளவு விலை.

✦ தேங்காயின் மூன்று கண்ணில் இரண்டு குருடு. உரித்த தேங்காய் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் ஒவ்வொரு கண்ணையும் அழுத்திப் பாருங்கள். இரண்டு கல்லாக இருக்கும், ஒன்று மட்டும் மெத்தென்று கொடுக்கும். முளை வெளியே வருவது அதன் வழியாக. பூவின் சூலகத்தில் மூன்று அறை உண்டாகி, ஒன்றில் மட்டுமே கரு தங்குவதால் இந்த ஏற்பாடு. முக்கண்ணனுக்கு உகந்த காய் என்று சொன்னவர்கள் மூன்றில் ஒன்று தனி ரகம் என்பதையும் கவனித்திருப்பார்கள்.

சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் நெய் ஊற்றுவதற்குத் துளைப்பதும் அந்தக் கண்ணைத்தான். உள்ளே இருக்கிற தண்ணீரை வடித்துவிட்டு, நெய்யை நிரப்பி அடைத்து, இருமுடியில் வைத்துச் சுமந்துபோவார்கள். நெய் அபிஷேகத்துக்கும், தேங்காய் மூடி ஒன்று ஆழித் தீக்கும் போகும்.

✦ சாமிக்கு உடைத்த தேங்காய் அழுகல் என்றால் வீடே முகம் வாடும். உள்ளே பூ இருந்தால் கொண்டாட்டம். அந்தப் 'பூ' உண்மையில் பூவே இல்லை. முளைக்கத் தொடங்கிய தேங்காயில் கரு ஒரு பஞ்சு உருண்டையை வளர்த்து, தண்ணீரையும் பருப்பையும் அதன் மூலம் உறிஞ்சிக்கொள்ளும். வெளியே முளை தெரிவதற்கு முன்பே உள்ளே உருண்டை திரண்டிருக்கும் என்பதால் முன்பெல்லாம் அது எதிர்பாராத பாக்கியம். இப்போது தேங்காயை வேண்டுமென்றே முளைக்க வைத்து, ரோட்டோரம் தள்ளுவண்டியில் தேங்காய்ப் பூ என்று உடைத்துக் கொடுக்கிறார்கள். அதிர்ஷ்டத்துக்கு விலைப் பட்டியல் வந்துவிட்டது.

✦ நாமும் காதால் தேர்ந்தெடுக்கும் காய் ஒன்று உண்டு. வாடிப்பட்டி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் தேங்காய் ஏலம் நடக்கும். எந்த ஊர் வியாபாரியானாலும் ஒரு காயை எடுத்துக் காதருகே ஆட்டாமல் விலை பேசமாட்டார். தண்ணீர் நிறைந்த இளங்காய் அதிகம் சத்தம் போடாது, முற்றியது சலசலக்கும், சத்தமே இல்லாமல் கனம் குறைந்திருந்தால் உள்ளே வற்றியது. இரண்டு காயை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. கணீரென்று வந்தால் சரி.

✦ ஆடி 1 அன்று சேலம், நாமக்கல், கரூர்ப் பக்கம் தேங்காய் சுடும் பண்டிகை. கண்ணைத் துளைத்து அரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், எள் போட்டு, நீளக் குச்சியில் செருகித் தீயில் வாட்டுவார்கள். மதுரைக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

✦ எலுமிச்சம்பழம் சுபமா, அசுபமா? அம்மனுக்கு மாலை, துர்க்கைக்கு ராகுகாலத்தில் மூடியைத் திருப்பி விளக்கு, பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது கையில் மரியாதை. அதே பழம் முச்சந்தியில் குங்குமம் தடவிக் கிடந்தால் தாண்டிப் போகக் கால் கூசும். வேறு எந்தப் பழத்துக்கும் இந்த இரட்டை வாழ்க்கை கிடையாது.

வண்டிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சை வைப்பதை நம் ஊர் டிராவல்ஸ்காரர்களின் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 2019 அக்டோபர் 8, விஜயதசமியன்று பிரான்சில் முதல் ரஃபேல் போர் விமானத்தைப் பெற்றுக்கொண்ட பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் விமானத்தின் மேல் ஓம் எழுதி, தேங்காய் வைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சையும் வைத்தார்.

கடை வாசலில் எலுமிச்சையோடு கோத்துத் தொங்கவிடுகிற பச்சை மிளகாயும் அன்னாசிபோல அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்ததுதான். மூதேவிக்குப் புளிப்பும் காரமும் பிடிக்கும், வாசலிலேயே தின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள் என்பது கதை. மிளகாய் வருவதற்கு முன்பு அவளுக்குக் காரத்துக்கு மிளகுதான் வைத்திருப்பார்களோ என்னவோ.

✦ விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் அருகே ஒட்டனந்தல் ரத்தினவேல் முருகன் கோயிலில் பங்குனி உத்திர விழாவின் ஒன்பது நாளும் வேலில் ஒவ்வோர் எலுமிச்சை செருகுவார்கள். விழா முடிந்ததும் அந்த ஒன்பதையும் நள்ளிரவில் ஏலம் விடுவார்கள். பிள்ளைப்பேறு வேண்டுகிற தம்பதிகள் ஈரத்துணியோடு வந்து வாங்குவார்கள். 2024-இல் ஒன்பதும் சேர்ந்து 2.36 லட்சம் ரூபாய்க்குப் போயின. முதல் நாள் பழத்துக்குத்தான் எப்போதும் போட்டி அதிகம்.

✦ இலந்தைப்பழத்தைச் சீனத்திலும் தூவுகிறார்கள், இங்கேயும் தூவுகிறார்கள். தெலுங்கு பேசும் குடும்பங்களில் போகியன்று மாலை குழந்தையை உட்கார வைத்து, இலந்தை, சில்லறைக் காசு, கரும்புத் துண்டு, பூவிதழ் எல்லாம் கலந்து தலையில் கொட்டுவார்கள். கண்ணேறு கழியுமாம். காசைப் பொறுக்க மற்ற பிள்ளைகள் பாயும் பாய்ச்சலில் கண்ணேறு மட்டுமா கழியும்! சீனத்தில் அதன் உறவுக்காரச் செவ்விலந்தையை நிலக்கடலையோடும் தாமரை விதையோடும் புதுமணத் தம்பதியின் கட்டிலில் போடுவார்கள். அந்தப் பண்டங்களின் பெயர்களைச் சேர்த்துச் சொன்னால் 'சீக்கிரம் பிள்ளை பெறுக' என்று வரும். அங்கே பிள்ளை வருவதற்கு, இங்கே வந்த பிள்ளைக்கு.

✦ சீனப் புராணத்தில் மேற்குத் திசை அரசியின் தோட்டத்துப் பீச் பழம் மூவாயிரம் ஆண்டுக்கு ஒரு முறை பழுக்கும், தின்றால் சாவில்லை. அதனால் பெரியவர்களின் பிறந்த நாளுக்குப் பீச் வடிவில் மாவுருண்டை அவித்துப் பரிமாறுகிறார்கள். நம்மிடம் அந்த இடம் நெல்லிக்கனிக்கு. தகடூர் அதியமான் தனக்குக் கிடைத்த அரிய நெல்லியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த செய்தி சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. சீனத்துப் பீச்சைத் திருடித் தின்றவன் குரங்கரசன் சுன் வூக்கோங். தமிழ் நெல்லியைக் கொடுத்துப் பேர் வாங்கினவன் அரசன்.

✦ மாம்பழத்தை மாடியிலிருந்து எறிகிற திருவிழா காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கிறது. பிட்சாடனர் வீதி வரும்போது இருபுறத்து வீடுகளிலிருந்தும் பழம் பறக்கும். பிடித்தவர்க்கு வேண்டியது பலிக்கும் என்பது நம்பிக்கை. காரைக்கால் அம்மையாரான புனிதவதியின் மாம்பழக் கதை எல்லாருக்கும் தெரிந்ததே. அதன் பிற்பகுதி நம் பக்கம் நடந்தது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மனைவி தெய்வம் என்று அஞ்சிக் கப்பலேறிய பரமதத்தன், பாண்டிய நாட்டில் வந்து தங்கி, வேறு கல்யாணம் செய்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான்.

✦ சித்திரை முதல் நாள் கனி காணுவது கோவை, நெல்லை, கன்னியாகுமரிப் பக்கம் பெரிய விஷயம். முதல் நாள் இரவே கண்ணாடி முன்னால் மா, பலா, வாழையோடு நகை, காசு, வெற்றிலை எல்லாம் வைத்துவிட்டுப் படுப்பார்கள். காலையில் கண்ணைப் பொத்தியபடி வந்து அதில் விழிப்பார்கள். கோவை புலியகுளம் முந்தி விநாயகருக்கு அன்றைக்கு டன் கணக்கில் பழங்களால் அலங்காரம்.

முக்கனிக்காக வாடிப்பட்டிக்காரர்கள் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. பலாவும் மலைவாழையும் சிறுமலையில், மாம்பழம் நத்தம் பக்கத்தில். செந்தூரமும் கல்லாமையும் சந்தைக்கு வரத் தொடங்குவது அந்த நாட்களில்தான்.

✦ கேரளத்து விஷுக் கனியில் மாம்பழத்தைவிட முக்கியம் பொன்னிற வெள்ளரி. வேதத்திலும் வெள்ளரிக்கு ஓர் இடம் உண்டு. சாவு பயம் தீர ஜபிக்கும் மிருத்யுஞ்ஜய மந்திரத்தில் உவமையாக வருவது வெள்ளரிப்பழம். அந்த மந்திரம் ரிக் வேதம் ஏழாம் மண்டலத்தில் இருக்கிறது. வெள்ளரிப்பழத்தைப் பறிக்க வேண்டாம். பழுத்ததும் கொடியை விட்டுத் தானாகவே கழன்றுகொள்ளும், காம்பில் காயம்கூட இருக்காது. உயிரும் அப்படிக் கழல வேண்டும் என்று கேட்ட ரிஷி, நிச்சயம் வெள்ளரித் தோட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவர்தான். சித்திரையில் வைகை மணலில் வெள்ளரி போட்ட காலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

✦ மதுரைக்கு வடக்கே அழகர்மலை மேல் பழமுதிர்சோலை, ஆறாம் படைவீடு. நாவல் மரத்திலிருந்த மாடு மேய்க்கும் சிறுவன், சுட்ட பழம் வேண்டுமா சுடாத பழம் வேண்டுமா என்று ஔவையை மடக்கிய இடம். சுட்ட பழம் என்று கீழே விழுந்ததை எடுத்து, ஒட்டிய மணலை அவள் ஊத, 'பழம் சுடுகிறதா பாட்டி?' என்றான் முருகன். சீனர்கள் மட்டுமா பழத்தோடு சொல்விளையாட்டு ஆடுகிறார்கள்!

✦ நார்த்தையின் நெருங்கிய சொந்தமான மாதுலங்கம் மூன்று மதங்களில் பூசைப் பழம். கோலாப்பூர் மகாலட்சுமியின் கையில் இருப்பது அது. யூதர்கள் கூடாரப் பண்டிகைக்கு அதைத்தான் கையில் எடுத்து வேண்டுவார்கள்; தோலில் புள்ளி இருக்கக் கூடாது, நுனி முறிந்திருக்கக் கூடாது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வாங்குவார்கள். அதன் விநோத ரகம் ஒன்று விரல் விரலாகப் பிரிந்து வளரும். அதற்குச் சீனத்தில் 'புத்தரின் கை' என்று பெயர்; புத்தர் சன்னிதியில் படைப்பார்கள். நாம் நார்த்தையை உப்பில் போட்டு ஊறுகாயாக்கிவிடுகிறோம். அதுவும் ஒரு பக்திதான், பழைய சோற்றின் மேல்.

✦ ஸ்பெயினில் புத்தாண்டு நள்ளிரவில் மணி 12 அடிக்க, அடிக்கு ஒன்றாக 12 திராட்சை தின்ன வேண்டும். பிலிப்பைன்ஸில் 12 வகை உருண்டைப் பழம் மேசையில் இருக்க வேண்டும். உருண்டை என்றால் காசு. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சையை அடிக்கு ஒன்றாக விழுங்கிப் பார்க்க ஆசைப்பட்டால் முதலில் விதையை யோசித்துக்கொள்ளுங்கள்.

✦ ஆயுதபூசை அன்று வெள்ளைப்பூசணியைக் குங்குமமும் காசும் வைத்துச் சுற்றி நடுரோட்டில் உடைக்கிறோம். மறுநாள் பைக்கில் வருகிறவனுக்குத் திருஷ்டி கழிகிறதோ இல்லையோ, சக்கரம் வழுக்குகிறது. ரோட்டில் உடைக்காதீர்கள் என்று காவல்துறை ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. சுற்றிய பூசணியை ஓரமாக, மாடு எட்டும் இடத்தில் உடைத்தால் எந்தச் சாமி கோபித்துக்கொள்ளும்?

✦ சீர்த்தட்டுக்குப் புதுசாக வந்த விருந்தாளி டிராகன் பழம். பெயரில் சீன வாடை வீசுகிறது என்று குஜராத் அரசு 2021 ஜனவரியில் அதற்குக் 'கமலம்' என்று பெயர் மாற்ற முடிவெடுத்தது. பழம் சீனத்தைச் சேர்ந்ததே இல்லை. மத்திய அமெரிக்கக் கள்ளிச் செடி. ராசி, ஐதீகம், பாட்டி சொன்ன கதை எதுவும் அதற்கு இன்னும் சேரவில்லை. செலோபேன் தாளுக்குள் நிறம் எடுப்பாகத் தெரிகிறது என்பது மட்டுமே இப்போதைக்கு அதன் தகுதி. அதே கள்ளிக் குடும்பம்தான் நம் ஊர்ப் புறம்போக்கில் நிற்கும் சப்பாத்திக்கள்ளியும். அதன் சிவந்த பழத்தை மண்ணில் புரட்டி நுண்முள்ளை நீக்கி, நடுவிலிருக்கும் சக்கர முள்ளையும் எடுத்துவிட்டுத் தின்ன வேண்டும். காசு கிடையாது, நாக்கு மட்டும் நாளெல்லாம் சிவந்திருக்கும்.